தெருக்குத்துப் பிள்ளையாருக்குப் பின்பக்கம்

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு வார்த்தகூடப் பொய்யில்ல. பொய்யின்னா இனிமே நான் கை காட்டுற பஸ்ஸு ஒண்ணுகூட ஸ்டாப்புல நிக்காமப் போகட்டும், நின்னாலும் தள்ளிப் போயி நின்னு என்னய ஓட வைக்கட்டும். ஒரு பொம்பள மண்டைக்குள்ள ஓடுனது ஒனக்கு எப்பிடிய்யா தெரியும்னு கேப்பீக. ஜெயக்கொடி மண்டைல ஓடுறது எல்லாம் அவ வாய்லயும் ஓடும், அதுதான் அவளுக்கு வந்த வெனையே. கேட்டுக்கங்க.

வெள்ளிக்கிழம காலைல, மதுரை மில் காலனில, ஜெயக்கொடி வீட்டப் பூட்டிட்டுத் தெருவுல எறங்குனா. கைல ஒரு மஞ்சப் பை, பைக்குள்ள பிள்ளையாருக்கு வேட்டி, ஒரு முழம் இருக்கும், பட்டு, ஓரத்துல செவப்பு நூல்ல பிக்கோ அடிச்சது, அவளே தச்சது. வலது பக்கம் திரும்புனா தெரு போயி முட்டுற எடத்துல கடைக் காம்ப்ளெக்ஸ் சொவரு. சொவத்துக்கு அந்தாண்ட பின்வரிசைல கடேசிக் கடை அவ கடை. இவ வாசல்ல நின்னு தும்முனா அங்க நூல்கண்டு உருளும். ஆனாலும் இன்னைக்கு அவ எடது பக்கம் திரும்பணும். காலு கேக்கல, பழகுன காலு, அது பாட்டுக்கு வலது பக்கம் ரெண்டு எட்டு வச்சுருச்சு, அங்கிட்டுச் சந்து கிடையாது, நேத்தே அடைச்சாச்சுங்கிற சேதிய முழங்காலுக்குக் கீழ யாரு கொண்டு போறது. தெரு முனைல சாக்குப் போட்டு மூடுன பிள்ளையாரு, மாடத்துல ஒக்காந்து, இவளையே பாக்குறாப்ல. கண்ணு தெரியல, சாக்கு மூடியிருக்கு, ஆனா பாக்குறாரு. சுத்திப் புதுச் செங்கலு, பூசாத செங்கலு, ஈரம் காயாத செங்கலு. முந்தாநாளு வரைக்கும் அந்த எடத்துல ஒரு ஆளு நொழையுற சந்து இருந்துச்சு. காம்ப்ளெக்ஸ் கட்டும்போது லாரி வர ஒடைச்ச சொவரு, அடைச்சது போக மிச்சம் ஒரு ஆளு அகலத்துக்கு மறந்து போயிக் கெடந்துச்சு. அந்த மறதிலதான் இவ பொழப்பு ஓடுச்சு. எத்தன பேரு பொழப்பு முதலாளிக மறந்த எடத்துல ஓடுது, நெனச்சுப் பாருங்க. அவ திரும்பி நடந்தா. கோவிச்சுக்காதீக சாமி, ஒங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க பாவம், ஒங்கள வச்ச எடத்துல நீங்க ஒக்காந்துருக்கீக, தப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், என் மூக்குக்குக் கீழ இருக்கு, வாயி, இந்த வாயி, இதுக்கு ஒரு பிக்கோ அடிச்சு மூடியிருந்தா இன்னைக்கு நான் ஏன் ஊரச் சுத்துறேன். அவ தொழிலு ஒண்ணும் பெரிசில்ல, சேலைக்கு ஃபால்ஸ் வைக்கிறது, ஓரத்துக்குப் பிக்கோ அடிக்கிறது, எப்பவாச்சும் ஒரு ஜாக்கெட்டு தைக்கிறது, கொக்கி போனா மாத்துறது. இந்த வேலைக்கு எவளாச்சும் காரு எடுத்துக்கிட்டு வருவாளா. நைட்டி மேல துண்டப் போட்டுக்கிட்டு, அடுப்புல குக்கர ஏத்திட்டு, சந்து வழியா ஓடி வந்து, ஜெயா இந்தக் கொக்கிய மட்டும் வச்சுக் குடுன்னு நிப்பா. இவ வச்சுக் குடுப்பா. அவ திரும்பிப் போகும்போது மூணாவது விசிலு அடிக்கும். அம்புட்டுத் தூரந்தான் கடை. மூணு விசிலு தூரத்துல இருந்தா கடை, ஆறு விசிலுன்னா பருப்பு அடி பிடிச்சுரும், அடி பிடிச்சா புருசன் கத்துவான், கத்துனா மறுநா அந்தப் பொம்பள கொக்கிக்குப் பதிலா ஊக்கக் குத்திக்கிட்டு ஒக்காந்துருவா. ஊக்கு போதும்னு ஊரு முடிவு பண்ணிட்டா ஜெயக்கொடி எங்க போவா. எங்க போவான்னு அவளுக்குத் தெரியும். அத மட்டும் நெனைக்கக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே நடந்தா. நெனைக்கக் கூடாதுன்னு நெனைக்கிறது வலிக்கிற பல்ல நாக்கு தொடக்கூடாதுங்குறாப்ல, போயிப் போயி அங்கதான் நிக்கும்.

தெரு முடிஞ்சு மெயின்ரோடு. ரோட்டுக்கு ஓரம்னு ஒண்ணு கெடையாது, வெள்ளக்கோடு முடிஞ்ச ஒடனே சாக்கட ஆரம்பிச்சுரும், சாக்கடைக்கு மேல மூடி, மூடிக்கு நடுவுல ஓட்ட, ஒரு மூடிய மிதிச்சா அடுத்த மூடி எந்திரிச்சுப் பாக்கும். நடக்குறவன நெனச்சுப் போட்ட ரோடு இல்ல அது, நடக்குறவன நெனச்சுப் பயந்து போட்ட ரோடு. பின்னால பஸ்ஸு ஒண்ணு ஊதுச்சு, இவ பையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு கம்பத்தோட ஒட்டுனா, பஸ்ஸு காத்து சேலைய இழுத்துட்டுப் போச்சு, பட்டு அழுக்காகக் கூடாது, சாமி துணி, அவ கை பையத் தடவுச்சு, ஆமா இருக்கு. அந்த ஊதுன சத்தம் காதுல இருந்து எறங்க மாட்டேங்குது. பஸ்ஸு ஊதுனாப்ல இல்ல, கம்பெனி வண்டி ஊதுனாப்ல இருக்கு. வந்துருச்சு பாத்தியா, நெனைக்கக் கூடாதது வந்துருச்சு. பனியன் கம்பெனி வேன் விடியக் கருக்கல்ல தெரு முனைல வந்து ஊதும், ஒருக்கா ஊதும், ரெண்டு ஊதும், மூணாவது ஊதுக்கு ஏறலைன்னா போயிரும், ஏறுனா எல்லாப் பொம்பளையும் தூங்கிக்கிட்டே போவாளுக, கழுத்து ஒருபக்கம் தொங்கும், செத்த கோழிகள அடுக்குனாப்ல. அங்க மெசினு வரிசை வரிசையா, ஜன்னலு மேல எட்டாத ஒசரத்துல. ஒண்ணுக்குப் போகணும்னா சூப்பர்வைசருகிட்டக் கைய நீட்டி நிக்கணும், அவரு பாத்துட்டுப் பாக்காதது மாதிரி இன்னொருத்திகிட்டப் பேசுவாரு. நாலு வருசம் ஒரே தையலு, கைப்பகுதி மட்டும், எடது கையி. முழுச் சட்டைய அவ தச்சதே இல்ல, எடது கையி, எடது கையி, எடது கையி, கனவுல கை மட்டும் வரும் வரிசையா, ஆளில்லாம. ஒருநா ஊசி வெரல்ல எறங்கி அந்தப் பக்கம் வந்துச்சு, அப்பக்கூட அவளுக்கு முதல்ல தோணுனது வலி இல்ல, அப்பாடா வெளிய போலாம்ங்கிறது. வெளிய வந்து, கட்டுப் போட்ட வெரலோட வேப்பமரத்தடில நின்னப்ப ரோட்ல ஒரு பொம்பள முருங்கக்கீர வித்துக்கிட்டுப் போனா, யாருகிட்டயும் கைய நீட்டாம. அன்னைக்கு முடிவு பண்ணுனா, போக மாட்டேன்னு. புருசன் காளிராசு கேரளாவுல பரோட்டா போடுறவன், போன்ல சிரிச்சான், கட வைக்கப் போறியா, உனக்குத்தான் வாயி நல்லாருக்கே, அதயே தெறந்து வையி, ஆள் வரும்னான். வந்துச்சு ஆளு. சந்து வழியா வந்துச்சு. இப்பச் சந்து இல்ல. இனி வேன் ஊதும், ஒருக்கா, ரெண்டுக்கா, ஏறிருவா, ஏறாம என்ன செய்வா, கழுத்து ஒருபக்கம் தொங்கும். இல்ல. இல்ல, காம்ப்ளெக்ஸ் மொதலாளிகிட்டக் கேக்கப் போறேன், இன்னைக்குப் பிள்ளையார் பிரதிஷ்டைக்கு எல்லாரும் இருப்பாங்க, நல்ல நாளு, சாமி நாளுல கேட்டா இல்லங்க மாட்டாரு. மொதலாளி, பிள்ளையாரு இருக்கட்டும், பக்கத்துல ஒரு சின்னக் கதவு. கால்ல விழுந்துரலாம். விழுறதுக்கு வசதியாத்தான் எடம் விட்டுருக்காரு, முன்னால எம்புட்டு பெரிய மைதானம்.

மைதானம்னு அவ சொல்றது காரு நிறுத்துற எடத்த. மொதலாளி தெய்வசிகாமணி மக வீட்டுக்கு அமெரிக்காவுக்குப் போயிட்டு வந்தவரு. அங்க கடைக்கு முன்னால ஊரு அகலத்துக்குக் காரு நிக்குமாம், கட அதுக்குப் பின்னால தூரத்துல இருக்குமாம், பாத்ததும் அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு, இதுதாண்டா நாகரீகம்னு. அதயே மதுரைல கட்டிட்டாரு. அமெரிக்காக்காரனுக்குப் பக்கத்துல மில் காலனி இல்லங்கிறத யாரும் அவருக்குச் சொல்லல. சொன்னுச்சு, ஒரு பொண்ணு சொன்னுச்சு, பிளானு போட்ட இன்ஜினியர் பொண்ணு, தமயந்தின்னு பேரு, கட்டடம் நடக்கும்போது, அப்ப இவ வீட்டுலயே மெசினப் போட்டுருந்தா, ஜாக்கெட்டு தைக்க இவகிட்ட வந்து ஒக்காந்து அழுதுச்சு. அளவெடுக்கும்போதே அழுதா ஜாக்கெட்டு டைட்டா வரும் கண்ணு, மூச்ச விட்டுட்டு அழுன்னு ஜெயக்கொடி சொல்ல, அந்தப் பொண்ணு அழுகைக்கு நடுவுல சிரிச்சுட்டுச் சொன்னுச்சு: நான் போட்ட மொதப் பிளானுல கட எல்லாம் தெருவப் பாத்து இருந்துச்சுக்கா, மெயின்ரோட்டுப் பக்கமும் வாசலு, காலனிப் பக்கமும் வாசலு, நடுவுல நெழலா ஒரு நடபாத, இந்தப் பக்கம் நொழஞ்சா அந்தப் பக்கம் வரலாம், காரெல்லாம் பின்னால மூலைல. சாரு பாத்துட்டு, ஏம்மா, நான் காம்ப்ளெக்ஸ் கட்டுறேனா, சந்தக்கடை கட்டுறேனான்னு கேட்டாரு, காரு தெரியாம கட மட்டும் தெரிஞ்சா இது பெரிய எடம்னு எவன் நம்புவான்னாரு. அந்தப் பிளான மடிச்சு வச்சுட்டேன்க்கா. ஜெயக்கொடிக்கு இப்ப நடக்கும்போது அந்த மடிச்ச தாளுக்குள்ள நடக்குறாப்ல ஒரு நெனப்பு, நெழல்ல, ரெண்டு பக்கமும் கட, இவ தெருக்காரி பஞ்சவர்ணம் அத்தாச்சி எதுக்கால வர்றா, எங்கடி போறன்னு கேக்குறா, சும்மா போறேன் அத்தாச்சி, சும்மா. சும்மா நடக்குறதுக்கு ஒரு எடம். ஆட்டோ ஒண்ணு முழங்கைய ஒரசிட்டுப் போயி, தாளு கிழிஞ்சு, வெயிலு மறுபடி மண்டைல ஏறுச்சு.

காம்ப்ளெக்ஸ் முன்வாசலு காருக்கு. வாசல்ல குறுக்க ஒரு கம்பு, காரு வந்தா தூக்கும், போனா எறங்கும். நடந்து வர்றவனுக்குன்னு வழி கெடையாது, கம்புக்குக் கீழ குனிஞ்சுதான் போகணும், அடிமாடு லாரியில எறங்குறாப்ல. வாட்ச்மேன் இருளப்பன், குடைக்குக் கீழ டோக்கன் கட்டோட ஒக்காந்துருந்தாரு. என்ன தங்கச்சி, பெரிய ஆளாயிட்ட, இன்னைக்கு முன்வாசல் வழியா வர்றன்னாரு. ஆமாண்ணே, காரு பஞ்சரு, அதான் நடந்துட்டேன், டோக்கன் குடுங்கன்னு கைய நீட்டுனா. நடந்து வர்றவங்களுக்கு டோக்கன் இல்லத்தா. ஏண்ணே, நான் தொலஞ்சு போனா எதக் காட்டி என்னய எடுக்குறது. நீ தொலைய மாட்ட, ஒன் சத்தம் காட்டிக் குடுத்துரும்னு சிரிச்சவரு, சட்டுன்னு சிரிப்ப நிறுத்திட்டு, மெதுவாச் சொன்னாரு: காலைல இருந்து காலனியாளு ஒருத்தரும் வரல தங்கச்சி. ரெண்டு பொம்பளக ரோட்டுக்கு அந்தாண்ட வந்து நின்னுச்சுக, பாத்துச்சுக, திரும்பிப் போயிருச்சுக. அவ குனிஞ்சு கம்புக்கு இந்தாண்ட வந்தவ, நிமிர மறந்துட்டு அப்பிடியே நாலு எட்டு நடந்தா. ரெண்டு பொம்பளக. யாரா இருக்கும். ஒருத்தி கைல கவர் இருந்துச்சான்னு கேட்டுருக்கலாம், திரும்பிப் போயிக் கேக்கலாமா, கேட்டு என்னத்துக்கு. பாத்துச்சுக, திரும்பிப் போயிருச்சுக. பாத்துச்சுக, திரும்பிப் போயிருச்சுக. மெசினு மாதிரி அது ஓடிக்கிட்டே இருந்துச்சு மண்டைல, எடது கையி, எடது கையிங்கிறாப்ல.

மைதானம். சதுரச் சதுரமாக் கல்லு, கல்லுக்கு மேல வெள்ளக் கோடு, கோட்டுக்குள்ள காரு இல்ல, அங்க ஒண்ணு இங்க ஒண்ணு, மொட்டத்தலைல முளைச்ச முடி மாதிரி. ஓரத்துல வரிசையாப் பாம் மரம், லாரில வந்து எறங்குனது, நெழலும் கெடையாது, காயும் கெடையாது, காக்காகூட ஒக்காரக் கூச்சப்படும். செருப்பு வழியாச் சூடு ஏறுது. இந்த வெயில்ல, முட்டிவலிக்கார பஞ்சவர்ணம் அத்தாச்சி ஒரு ஃபால்சுக்காக ஊரச் சுத்தி வருவாளா. வர மாட்டா. வரக் கூடாது, விழுந்து கிழுந்து தொலைச்சான்னா. ஏ வாயே, நீ சும்மா இருந்துருந்தா. ரெண்டு மாசத்துக்கு முந்தி மொதலாளி பின்வரிசைப் பக்கம் வந்து நின்னாரு, மூஞ்சி தொங்கிப் போயி, என்னம்மா ஜெயக்கொடி, ஒன் கடைல மட்டும் ஆளு நிக்கிது, முன்னால பெரிய பெரிய கடையெல்லாம் ஈ ஓட்டுதேன்னாரு. அப்ப உண்மையச் சொல்லியிருக்கலாம். மொதலாளி, என் கடைக்கு நடந்து வர வழி இருக்கு, அவுகளுக்கு இல்லன்னு. ஒரே வரி. ஆனா அந்த வரியச் சொன்ன இன்ஜினியர் பொண்ணு அழுதுக்கிட்டுல்ல போச்சு. அதனால இவ மூள, இந்தக் கோணப் புத்தி, ஒரு சுத்து சுத்துச்சு. மொதலாளிக்கு மனுசன் காலு புரியாது, வாஸ்துன்னா புரியும். ஒரு தெரு நேரா வந்து ஒரு கட்டடத்துல முட்டுனா தெருக்குத்தும்பாங்க, குடும்பம் வெளங்காது, யாவாரம் படுத்துரும்பாங்க. இவ சத்தத்தத் தணிச்சுக்கிட்டு, மொதலாளி, சொல்லக் கூடாது, இது தெருக்குத்து, எங்க தெரு நேரா வந்து ஒங்க சொவத்துல குத்துது, இந்தச் சந்த நல்லா அகலமாத் தெறந்து ஒரு கேட்டுப் போட்டீகன்னா வர்ற குத்து முட்டாம உள்ள புகுந்து காத்தாப் போயிரும்னா. அவரு மூஞ்சி மாறுச்சு. இவ அன்னைக்கு ராசாத்தி கணக்கா வீட்டுக்குப் போனா, கேட்டு வரப் போகுது, ரெண்டு கதவு வச்ச கேட்டு, அதுக்கு என்ன கலரு அடிப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டு. மறுவாரம் வாஸ்துக்காரரு வந்தாரு. திசை காட்டுற முள்ள வச்சுப் பாத்தாரு. தெருக்குத்துதான், சந்தேகமே இல்ல, யாரு சொன்னதுன்னு கேட்டாரு. மொதலாளி இவளக் காட்டுனாரு. வாஸ்துக்காரரு இவளப் பாத்துக் கும்பிட்டாரு, நல்ல ஞானம்மா ஒனக்குன்னாரு. அப்புறம் சொன்னாரு: சந்த அடைச்சு, தெருவப் பாத்துப் பிள்ளையார வச்சுருங்க, குத்த அவரு வாங்கிக்கிருவாரு. ஊர்ல சின்னக் கொழந்தைக்கும் தெரியும் தெருக்குத்துக்குப் பரிகாரம் பிள்ளையாருன்னு. இவளுக்கும் தெரியும். கேட்டு ஆசைல மறந்துட்டா. தெருக்குத்துன்னு வாயெடுத்தவ அடுத்த வார்த்த பிள்ளையாருன்னு வரும்ங்கிறத மறந்துட்டா, கல்யாணம்னா தாலிங்கிறத மறந்தவ மாதிரி. பிள்ளையாரு வேணாம்னு சொல்ல முடியுமா. யாரு சொல்லுவா. சொன்ன வாயி புழுத்துராதா. ஒன் வாயிலதானம்மா வந்துச்சு, ஒன் கையாலயே சாமிக்கு வேட்டி தச்சுக் கொண்டு வா, என் கைல குடு, நான் குருக்கள் கைல குடுக்குறேன்னாரு மொதலாளி. தச்சா. அழுதுக்கிட்டே தச்சா, ஆனா பிக்கோ ஒரு எடத்துல கோணல, அது வேற விசயம், தொழிலு தொழிலு.

பின்வரிசைக்குப் போனா பந்தலு. நாற்காலி வரிசையா, முன் நாற்காலில மொதலாளி பட்டு வேட்டியில, பக்கத்துல வாஸ்துக்காரரு, முன்கடக்காரங்க எல்லாம் மொபைலப் பாத்துக்கிட்டு. அவ கட ஷட்டரு எறங்கிக் கெடந்துச்சு, அதுக்கு முன்னால யாரும் இல்ல, யாரும் இல்லங்கிறது அங்க ஒரு ஆளு மாதிரி நின்னுச்சு. இப்பக் கேட்டுரணும். மொதலாளி, பக்கத்துல ஒரு கதவு. வாழ்நாளு பூராப் பேசுன நாக்கு, பேச வேண்டிய அன்னைக்கு மேலண்ணத்துல போயி ஒக்காந்துக்கிச்சு. அந்த நேரத்துலதான் பந்தலுக்குள்ள எல்லாரும் சொவத்தையே பாக்குறதப் பாத்தா. சொவத்துல என்ன இருக்கு, செங்கலு இருக்கு. பிள்ளையாரு தெருவப் பாத்துல்ல ஒக்காந்துருக்காரு. இவங்க பந்தலப் போட்டது அவரு முதுகுக்கு. குருக்களு காலைல வந்து பாத்துட்டு, ஏன் சார், முதுகுக்கா நான் அபிசேகம் பண்றதுன்னு கேட்டுட்டு, ஒரு பையன் ஸ்கூட்டர்ல ஏறிச் சுத்திக் காலனிப் பக்கம் போயிட்டாரு. மணி அங்க அடிக்குது, இங்க மொதலாளி செங்கலப் பாத்துக் கும்புட்டுக்கிட்டு இருக்காரு, பக்தியா, கண்ண மூடி.

சொவத்துக்கு அந்தாண்ட இருந்து குருக்களு சத்தம் போட்டாரு. வஸ்திரம் எங்க சார், ராகுகாலம் வந்துரும். மொதலாளி கண்ணத் தெறந்து, வந்துட்டியாம்மா, குடு குடுன்னு வேட்டிய வாங்குனாரு. வாங்கிட்டு முழிச்சாரு. வாசல் வழியாச் சுத்திப் போகணும், காரு காலனித் தெருவுல திரும்பாது, நடந்தா நேரம் காணாது. எறிஞ்சுரலாமான்னாரு ஒரு கடக்காரரு. சாமி வஸ்திரத்த எறியுறதான்னு வாஸ்துக்காரரு காதப் பொத்துனாரு. சொவத்து மேல வேற கண்ணாடிச் சில்லு பதிச்சு வச்சுருக்கு. கொத்தனாரு அடைக்கலம் ஓரமா நின்னு தல சொறிஞ்சாரு. நேத்து வச்ச செங்கலு சார், இன்னும் பிடிக்கல, சாமிக்கு வலது பக்கம் ஒரு கல்ல உருவுனா கை போகும், குடுத்துட்டு வச்சுப் பூசிருவேன்னாரு. உருவு உருவுன்னாரு மொதலாளி. கல்லு ஈரமா வந்துச்சு. ஓட்டைல வெளிச்சம் வந்துச்சு, தெரு வெளிச்சம், கூடவே வெங்காயம் வதங்குற வாசம். மொதலாளி கைய விட்டுப் பாத்தாரு, பட்டுச் சட்ட, கை பெருசு, மோதிரம் வேற, போகல. நீ குடும்மான்னாரு. ஜெயக்கொடி வேட்டியச் சுருட்டிக் கைய உள்ள விட்டா, முழங்கை வரைக்கும், தோளு வரைக்கும், கன்னம் ஈரச் சிமெண்டுல ஒட்டுச்சு. குருக்களு வாங்கிக்கிட்டாரு. கை காலியா இருந்துச்சு அந்தப் பக்கம். தெருவுல இருந்துச்சு அவ கை, அவ தெருவுல, ஆளு இந்தப் பக்கம். கனவுல வர்ற கை மாதிரி, ஆளில்லாத கை. அப்ப அந்தக் கைய இன்னொரு கை வந்து பிடிச்சுச்சு, மஞ்சக் காஞ்ச கை, சொரசொரன்னு.

யாரு, ஜெயாவா. நாந்தேன் அத்தாச்சி. ஏண்டி, கட இருக்கா இல்லையா, ரோடு வரைக்கும் வந்து பாத்துட்டுத் திரும்பிட்டேன், முட்டி ஒத்துக்கல. தெரியல அத்தாச்சி. தெரியலயாவது, நாளைக்கு மருமகளுக்கு நிச்சயத்துச் சேல, ஃபால்ஸ் வச்சாகணும், இந்தா பிடி. கவரோட ஓட்டைல நொழையல. பஞ்சவர்ணம் சேலையப் பிரிச்சு முந்தானைய உருட்டி இவ வெரலுக்குள்ள திணிச்சா. ஜெயக்கொடி இழுத்தா. வந்துச்சு. அரக்குக் கலரு, சொவத்துக்குள்ள இருந்து, முழம் முழமா, சரிகையெல்லாம் ஈரச் சிமெண்டுல பட்டுராம ஒரு கைய அணைவா வச்சு வச்சு இழுத்தா, பந்தல்ல இருந்தவங்க மொபைல எறக்கிட்டு எந்திரிச்சாங்க, செங்கல் சொவத்துல இருந்து ஒரு நிச்சயத்துச் சேல வர்றத எவன் பாத்துருக்கான். கடேசி நுனி வந்ததும் அவ அதத் தோள்ல போட்டுக்கிட்டு, கைய மறுபடி ஓட்டைக்குள்ள விட்டுட்டா. அந்தாண்ட இன்னொரு குரலு, எனக்குக் கொக்கி மட்டும் ஜெயா. இன்னொண்ணு, யக்கா என்னோடது அர்ஜென்டு.

அடைக்கலம் கரண்டில கலவையோட நின்னாரு. கைய எடு மதினி, பூசணும். எடுக்க மாட்டேன். வெளையாடாத மதினி, சாரு பாக்குறாரு. பாக்கட்டும். மொதலாளி பக்கத்துல வந்தாரு, கோவம்னா கோவம், ஆனா சாமி கும்புடுற நேரம், சத்தம் போட முடியல, பல்லக் கடிச்சுக்கிட்டு, என்னம்மா இது, எடும்மான்னாரு. அவளுக்குக் கன்னம் சிமெண்டுல, கண்ணுல தண்ணி, வாயி ஒரு பக்கம் கோணி இருந்துச்சு, அந்தக் கோணல் வாயில இருந்து மெதுவா வந்துச்சு: எடுத்தா வேன் ஊதும் மொதலாளி. அவருக்குப் புரியல. புரியாதுன்னு அவளுக்கும் தெரியும். மணிக்கட்ட வெறப்பாக்கி இன்னும் உள்ள விட்டா. கட்டி இழுத்தாலும் வரமாட்டேன், பூசுனா என்னோட சேத்துப் பூசிருங்க. குருக்களு அந்தாண்ட மணி அடிச்சுக்கிட்டே கத்துனாரு, சார், தீபாராதனை காட்டணும், நேரம் போகுது, முடிவச் சொல்லுங்க. மொதலாளி வாஸ்துக்காரரப் பாத்தாரு. வாஸ்துக்காரரு வாட்சப் பாத்தாரு. ஓட்டைக்குத் தோஷம் இல்ல சார், வழிதான் ஆகாது, ஆளு நொழையாத வரைக்கும் சரின்னுட்டாரு, அவருக்கு அடுத்த வீட்டுக்குப் போகணும். மொதலாளி கைக்குட்டைய எடுத்து மொகத்தத் தொடச்சாரு. எம்புட்டுப் பெரிய கட்டடம், ஊரு கண்ணுபடும்னு திருஷ்டிப் பூசணிக்காயி கட்டுன கட்டடம், அதுல நடந்து வர்ற சனத்துக்குன்னு அவரு மனசு வந்து குடுத்தது இம்புட்டுத்தான்: அந்தக் கை போற அளவுக்கு மட்டும் விட்டுரு அடைக்கலம், மிச்சத்தப் பூசு.

ஜெயக்கொடி கைய எடுக்கல. கன்னத்தையும் எடுக்கல. ரெண்டு கைக்கு விடச் சொல்லுங்க மொதலாளி, ஒண்ணுல வாங்கணும், ஒண்ணுல குடுக்கணும். மொதலாளி ஏதோ சொல்ல வாயத் தெறந்தாரு. அதுக்குள்ள அடைக்கலம், யாரையும் பாக்காம, கலவையக் கீழ வச்சுட்டு அடுத்த கல்ல உருவுனாரு.

அவ்வளவுதான், எந்திரிங்க. துண்ட விரிச்சுருக்கேன், சும்மா கையத் தட்டிட்டு நழுவப் பாக்காதீக. நடந்து வந்து கேட்டவுக ஒரு டீயும் வடையும் வாங்கிக் குடுத்தாப் போதும். கார்ல வந்தவுக அதுக்கு மேல நிறுத்துன எடத்துக்கும் சேத்துப் போட்டுட்டுப் போங்க, அங்கதான் நான் ஒக்காந்து பேசலாம்னு இருந்தேன்.